பேஸ் கிடாரை யாரிடம் கொடுப்பது? வடசென்னையில் இருக்கிற வழிகள்

தண்டையார்பேட்டையில் கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் என் வீடு. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேராக உள்ளே வரும். பேஸ் கிடார் வாங்கிய இரண்டாவது வருடமே, உடம்பில் ஸ்ட்ரிங்குகள் மாட்டியிருக்கிற பிரிட்ஜில், ஸ்ட்ரிங்கைத் தாங்குகிற சேடிலை ஏற்றி இறக்குகிற குட்டித் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. ஆலன் கீயைப் போட்டுத் திருகினால் கீ வழுக்கியதே தவிர திருகு அசையவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது நல்ல ஆளைத் தேடுகிற வேலை. பதினோரு வருடம் ஆகிறது. அதற்குள் என் பேஸ் பல கைகளுக்குப் போய் வந்துவிட்டது. சில கைகளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். சில கைகளிடம் இனி கொடுக்கவே மாட்டேன்.

ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கள் பக்கம் பேஸ் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. சர்ச் கொயர், லைட் மியூசிக், கானா மேடை என்று வாரக்கடைசி முழுக்க வேலை இருக்கும். ஆனால் பேஸ் ரிப்பேருக்கென்று போர்டு மாட்டிய ஒரு கடையை நான் இங்கே பார்த்ததில்லை. அதனால் இருக்கிற வழிகளை எடைபோட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. வாங்கிய கடையின் சர்வீஸ், ஏரியாவில் இருக்கிற மூத்த வாசிப்பாளர், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு மாதிரி இடத்து மெக்கானிக், தூரத்தில் இருக்கிற லூத்தியர் (கிடார் செய்து, பழுது பார்க்கிற கைவினைஞர்), கடைசியாக நம் சொந்தக் கை.

இவர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். கிடாரை நன்றாகப் பார்க்கிறவர் பேஸையும் நன்றாகப் பார்ப்பார் என்று நினைத்துத்தான் முதலில் ஏமாந்தேன். பத்தாம் நம்பர் செட் (மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) போட்ட எலெக்ட்ரிக் கிடாரில் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை இழுக்கிற விசை ஏறக்குறைய 47 கிலோ. அதே கணக்கில் 45 முதல் 105 வரை தடிமனுள்ள செட் போட்ட நாலு ஸ்ட்ரிங் பேஸில் அது சுமார் 80 கிலோ. நெக்கின் தலைப்பக்க நுனியில் ஸ்ட்ரிங் உட்காருகிற நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை பெரும்பாலான பேஸில் 34 அங்குலம். தடிமனான ஈ ஸ்ட்ரிங் நொடிக்கு 41 தடவைதான் அதிர்கிறது, ஆனால் அகலமாக வீசி அதிர்கிறது. அதற்கு இடம் வேண்டும். ஃபெண்டர் கம்பெனி தன் பேஸ்களுக்குச் சொல்கிற அளவில் 17ஆவது ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் ஈ ஸ்ட்ரிங் 2.4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கிடாருக்கு 1.6 போதும். கிடார் பழக்கத்தில் ஒருவர் பேஸின் ஸ்ட்ரிங் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை இறக்கினால், கைக்குப் பூ மாதிரி இருக்கும், ஆம்ப்பில் போட்டதும் ஃப்ரெட் எல்லாம் கரகரக்கும்.

சரி, முதலில் கடை. புதிதாக வாங்கிய பேஸ், வாரண்டி இன்னும் முடியவில்லை என்றால் வேறு எங்கேயும் போகாதீர்கள். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வாரண்டி பேச்சே அடிபட்டுப் போகலாம். பில் கிடைக்கும், பொருள் தொலைந்தால் கேட்க ஆள் இருக்கும். குறை என்னவென்றால், உங்கள் பேஸை உண்மையில் யார் தொடுகிறார் என்பது தெரியாது. கவுன்டரில் வாங்கி வைக்கிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் வேறொருவர். நீங்கள் எப்படி வாசிப்பீர்கள், விரலாலா பிக்காலா, அழுத்தியா மெதுவாகவா என்று அவர் கேட்கவே வாய்ப்பில்லை. ஒரு தடவை ஒரு கடையில் "ஆக்‌ஷன் கொஞ்சம் குறைக்கணும்" என்று கொடுத்தேன். திரும்பி வந்தபோது முதல் நாலு ஃப்ரெட்டும் கரகரத்தன. சேடிலைத் தொடாமல், நெக்குக்குள் ஓடுகிற உலோகக் கம்பியான ட்ரஸ் ராடை இறுக்கி ஆக்‌ஷனை இறக்கியிருக்கிறார்கள். நெக் பின்பக்கமாக வளைந்துவிட்டது.

ட்ரஸ் ராட் நெக்கின் வளைவைச் சரிசெய்ய இருக்கிறது. ஸ்ட்ரிங் உயரத்தைச் சரிசெய்ய இருப்பது சேடில். இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர் எவ்வளவு பெரிய கடையில் இருந்தாலும் என் பேஸ் அவருக்கு இல்லை. அதை நீங்களே சோதிக்கலாம். "ஆக்‌ஷன் அதிகமா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேளுங்கள். தெரிந்தவர் உடனே கீயை எடுக்க மாட்டார். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடம்போடு சேர்கிற இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு விசிட்டிங் கார்டு தடிமன், அதாவது 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால் நெக்கை விட்டுவிட்டு சேடிலுக்குப் போவார்.

இந்தச் சோதனையில் முதலில் தேறியவர் எனக்குக் கிடைத்த இரண்டாவது வழி. வியாசர்பாடியில் ஒரு அண்ணன். நாற்பது வருடமாக மேடையில் வாசிக்கிறவர், வீட்டு மாடியில் ஒரு மேசை போட்டு வேலை பார்க்கிறார். நான் கொண்டுபோன அன்று பேஸைக் கையில் வாங்கவே இல்லை. "முதல்ல நீ வாசிப்பா, கேக்குறேன்" என்றார். ஆம்ப் இல்லாமல் வாசித்தேன். பேஸின் கொம்பில் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் என்ன ட்யூனிங், என்ன செட், ஏசி அறையில் வைக்கிறாயா என்று கேட்டார். மரம் ஈரத்தை இழுத்து விடும்போது நெக் அசையும். ஏசி அறையிலிருந்து எடுத்து ஐப்பசி மழைக்கால மேடையில் வைத்தால் மாலைக்குள் வித்தியாசம் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

அவரிடம் நான் கவனித்த இன்னொன்று சின்ன விஷயம். புது ஸ்ட்ரிங் மாட்டும்போது, நீளத்தை அளந்து, வெட்டப் போகிற இடத்துக்கு முன்னால் தொண்ணூறு டிகிரி மடக்கி, அதற்கப்புறம்தான் கட்டிங் பிளேயரை வைத்தார். மடக்காமல் வெட்டினால் உள்ளே இருக்கிற கம்பியை விட்டு மேலே சுற்றியிருக்கிற கம்பி தளர்ந்துவிடும். புது ஸ்ட்ரிங்கே செத்த மாதிரி ஒலிக்கும். விலை கொடுத்து வாங்கிய செட் ஒரே வெட்டில் வீணாகும். நல்ல ஆளா என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. இறுகிப்போயிருந்த அந்தத் திருகுகளையும் அவர்தான் எடுத்தார். சேடிலைத் தனியாகக் கழற்றி, ஒவ்வொரு திருகுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தார். பேஸில் இருக்கும்போதே எண்ணெயைப் பீய்ச்சவில்லை. மரத்தில் எண்ணெய் இறங்கிவிடும் என்றார். கழற்றிய பழைய திருகுகளை ஒரு காகிதத்தில் மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

கடையோடு ஒப்பிட்டால் கூலி பாதிதான். ஆனால் பில் கிடையாது, தேதிக்கு உத்தரவாதம் கிடையாது. வாசிக்கிறவர் ஆயிற்றே, ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக்கள் ஆரம்பித்தால் ஆளைப் பிடிக்க முடியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள். நவம்பர் நடுவில் போய் "அண்ணா, சீக்கிரம்" என்று நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, பாவம். கிறிஸ்துமஸுக்கு பேஸ் தயாராக வேண்டுமானால் அக்டோபர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். இந்த மாதிரி அண்ணன்கள் ஒவ்வொரு ஏரியாவிலும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்க வேண்டுமானால் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் பேஸ் வாசிக்கிறவரிடம் போய், "உங்க பேஸை யாருண்ணா பாக்குறாங்க?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டு, இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அங்கே போகலாம்.

அடுத்தது ஒயரிங். இதில் அண்ணனைவிட எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் எனக்கு மேல். அண்ணனின் சால்டரிங் சுமார்தான், அவரே சொல்வார். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நசுங்க வேண்டியதில்லை. பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருப்பது), ஜாக் (கேபிள் சொருகுகிற இடம்), கபாசிட்டர், செம்பு டேப் எல்லாம் அந்தத் தெருவில் ஒரு சுற்று வந்தால் கிடைக்கும். ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் மாதிரியான பேஸ் என்றால் உள்ளே இருப்பது ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், ஒரு கபாசிட்டர், ஒரு ஜாக். ஆம்ப் ரிப்பேர் செய்கிற யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்கள். சத்தம் விட்டுவிட்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஜாக்கின் நட் தளர்ந்து உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டிருப்பதுதான்.

ஆனால் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் நிலைமை வேறு. 1976இல் மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே பேஸ் வந்ததிலிருந்து பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரி பரவலாகிவிட்டது. அந்த பேட்டரியை ஆன் ஆஃப் செய்கிற சுவிட்ச் தனியாக இல்லை. ஜாக்கேதான் சுவிட்ச். ஸ்டீரியோ ஜாக்கின் மூன்றாவது காலில் பேட்டரியின் மைனஸ் இருக்கும். கேபிளைச் சொருகினால் அது எர்த்தோடு சேர்ந்து பேட்டரி ஓடும், உருவினால் நிற்கும். என் ஜாக் உடைந்தபோது ஒரு மெக்கானிக் சாதாரண மோனோ ஜாக்கைப் போட்டு, மிச்சமிருந்த பேட்டரி ஒயரை நேராக எர்த்தில் சால்டர் செய்துவிட்டார். சத்தம் அருமையாக வந்தது, நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். அதற்கப்புறம் கேபிளை உருவி வைத்தாலும் சில வாரங்களுக்கு ஒரு பேட்டரி போய்க்கொண்டே இருந்தது. ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாட்டு நடுவே பேஸ் நின்றுபோனபோதுதான் காரணத்தைத் தேடினேன். அந்த மாப்பிள்ளை வீட்டாரை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது. அவருக்கு சால்டரிங் நன்றாகத் தெரியும், பேஸைத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே மூடியைத் திறந்ததும் உள்ளே இருக்கிற ஒயரிங்கை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த டயகிராம் இருந்தால் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். அதைப் பார்த்து வேலை செய்கிறவரிடம் விடலாம். "அதெல்லாம் வேண்டாம் சார்" என்று ஒதுக்கி வைக்கிறவரிடம் எளிய பேஸை மட்டும் கொடுங்கள்.

ஹம், அதாவது ஆம்ப்பில் விடாத இரைச்சல், வருகிறது என்று யாரிடமும் கொண்டுபோவதற்கு முன்னால் பேஸையும் ஆம்ப்பையும் வேறொரு வீட்டில் போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் சரியில்லை. அங்கே எந்த டெக்னீஷியன் வந்தாலும் ஹம் போகாது. ஷாக் அடிக்கிற இடமாக இருந்தால் எலெக்ட்ரீஷியனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

லூத்தியர் என்று சொல்கிறவர்கள் நகரத்தின் தெற்கிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். செலவு அதிகம், காத்திருப்பும் அதிகம். நெக்கையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிசெய்கிற செட்டப்புக்காக அவ்வளவு தூரம் போவது எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை, அண்ணனே போதும். ஃப்ரெட் தேய்ந்து பள்ளம் விழுந்தால், நெக் முறுக்கிக்கொண்டால், தலைப்பகுதியில் விரிசல் விட்டால் மட்டும் லூத்தியரைத் தவிர வேறு யாரையும் நான் நம்ப மாட்டேன். ஃப்ரெட்டை அராவி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. விரிசலில் ஒருவர் தப்பாகப் பசை போட்டுவிட்டால் அடுத்தவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மரமே போய்விடும். தச்சர் தெரிந்தவராக இருந்தால் ஸ்ட்ராப் பட்டன் ஓட்டை பெரிதானதை மரக்குச்சி வைத்து அடைத்துக் கொடுப்பார், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. பதினைந்தாயிரம் ரூபாய் பேஸுக்கு ஃப்ரெட் முழுவதும் மாற்றினால் செலவு பேஸின் விலையையே நெருங்கலாம். அந்தப் பேஸ் அப்பா வாங்கிக் கொடுத்ததென்றால் கணக்குப் பார்க்காதீர்கள்.

சொந்தக் கை பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. ஸ்ட்ரிங் மாற்றுவது, பேட்டரி, ஜாக் நட், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்து இன்டொனேஷன் (நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்கிறதா என்று) பார்ப்பது, இவையெல்லாம் ஒரு ஞாயிறு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கையும் பிரிட்ஜையும் காய்ந்த துணியால் துடைத்துப் பையில் வையுங்கள். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றே பாதி சர்வீஸ். ட்ரஸ் ராடைத் தொட்டுத்தான் ஆக வேண்டுமானால் ஒரு தடவைக்குக் கால் சுற்று, அப்புறம் ட்யூன் செய்துவிட்டு மறுநாள் வரை விட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

போன மாதம் என் பேஸை மறுபடி வியாசர்பாடிக்குக் கொண்டுபோனேன். ஏ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட் மட்டும் மந்தமாக ஒலித்தது. அண்ணன் வழக்கம்போல என்னை வாசிக்கச் சொன்னார், காதை வைத்துக் கேட்டார், ஒரு சின்ன எஃகு ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஸ்கேல் டக் டக்கென்று ஆடியது. "தேஞ்சிருக்கு தம்பி. இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றார். பேஸைப் பையில் போட்டு ஜிப்பை அவரே இழுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு லூத்தியர்களின் நம்பரை எழுதிக் கொடுத்தார். கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.