வெள்ளவத்தைச் சிறுகதை வகுப்பு: பின்னேரத்துக்கு மட்டும் காசு கொடுக்கலாம்

காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் நடக்கிறது இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கட்டணம் 3,000 ரூபாய். மதியச் சாப்பாடு இல்லை, பிளேன்டீயும் இஞ்சி பிஸ்கட்டும் உண்டு. வாங்குகள் ஓஎல் படிக்கிற பிள்ளைகளின் அளவுக்குச் செய்தவை. முதுகு நோவுள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

நான் போன அன்று பாடம், கதையில் அடைமொழியும் வசன ஓசையும்.

காலைப் பகுதி அடைமொழிக்கு. கையில் தந்த போட்டோகொப்பி ஏதோ ஆங்கிலக் குறிப்பின் மொழிபெயர்ப்பு என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ‘அடைமொழிகளை வெட்டுங்கள்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வகுப்பு எடுக்கிற சேரும் அதையே சொன்னார். சரி, எல்லா மொழிக்கும் பொதுவான எச்சரிக்கைதான். ஆனால் தமிழில் அடை எல்லாம் பெயருக்கு முன்னால்தான் வந்து நிற்கும். மூன்று அடையைத் தாண்டிய பிறகுதான் வருவது நாயா நிலவா என்றே வாசகருக்குத் தெரியும். ஆகவே எத்தனை அடை என்பதை விட, வாசகரை எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. அதைப் பற்றி ஒரு வரிகூட அந்தக் கொப்பியில் இல்லை.

காலையைக் காப்பாற்றியவர் பக்கத்து வாங்கில் இருந்த ஒரு ஐயா. பத்திரிகையில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். வத்தளையில் இருந்து வந்த தங்கச்சி ஒருவர் ‘இருண்ட, சோகமான, தனிமையான கடற்கரையில் அவள் மெதுவாக நடந்தாள்’ என்று எழுதியிருந்தார். சேர் வெட்டிக்கொண்டே போய் ‘கடற்கரையில் அவள் நடந்தாள்’ என்று நிறுத்தினார். வசனம் செத்துப்போனது. ஐயா மெல்லக் கேட்டார்:

“எந்தக் கடற்கரை பிள்ளை?”

“தெஹிவளைப் பக்கம் ஐயா. லைட் போடாத இடம்.”

“அதை எழுதுமன்.”

‘லைட் போடாத கடற்கரையில் அவள் நடந்தாள்.’ சோகமும் தனிமையும் சொல்லாமலே வந்துவிட்டன. ‘போடாத’ என்கிற இந்த எதிர்மறைப் பெயரெச்சம் இருக்கிறதே, துடைக்காத மேசை, பூட்டாத கதவு, வாசிக்காத கடிதம், ஒவ்வொன்றும் நடக்காமல் போன ஒரு காரியத்தைத் தன்னோடு கூட்டிவருகிறது. ‘அழகான’, ‘அமைதியான’ என்று ‘ஆன’ போட்டு எழுதுவதில் எழுதுகிறவரின் அபிப்பிராயம்தான் இருக்கும். வெட்டுவதென்றால் முதலில் அதை வெட்டலாம். வினைத்தொகையும் கை கொடுக்கும்: ‘சுடுகின்ற மணல்’ என்பதை ‘சுடுமணல்’ என்றால் காலம் மறைகிறது, ஓசையும் இறுகுகிறது. இதையெல்லாம் நாங்கள் டீ குடிக்கும்போதுதான் கதைத்தோம். கட்டணத்தில் பாதியை ஐயாவுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பின்னேரம் சேர் வேறு ஆளாகிவிட்டார். நேர், நிரை என்று யாப்புக்குள் இழுப்பாரோ என்று பயந்தேன், இல்லை. கொப்பியை மூடச் சொல்லிவிட்டு எல்லோரையும் உரத்து வாசிக்க வைத்தார். ஹட்டன் தம்பி ஒருவருடைய பந்தி இது: ‘பஸ் நின்றது. அவன் இறங்கினான். மழை பெய்தது. குடையை விரித்தான்.’ தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், சின்ன வசனங்களை அடுக்கினால் முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரித் தட்டும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு உடனே கேட்கும். தம்பி அங்கேயே மாற்றினார்: ‘பஸ் நின்றதும் இறங்கிக் குடையை விரித்தான். நல்ல மழை.’ கடைசியில் வினையே இல்லாத அந்த இரண்டு சொல்லில்தான் பந்தி மூச்சு விடுகிறது.

அதற்காக வினையெச்சத்தைச் சங்கிலியாகக் கோக்கவும் கூடாதாம். எழுந்து, முகம் கழுவி, உடுத்து, பூட்டி, ஓடி என்பது அலுவலகத்துக்குப் பிந்தியவனுக்குப் பொருந்தும். செத்த வீட்டுக்குப் போகிறவனை அப்படி நடத்தினால் பகிடியாகிவிடும். பிறகு ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லுக்கும் கீழே கோடு போடச் சொன்னார். அடுத்தடுத்த மூன்று வசனம் ‘ஆன்’ என்று முடிந்தால் ஒன்றையாவது உடைக்க வேண்டும். வீட்டில் என்னுடைய பழைய கதைகளிலும் இதைச் செய்து பார்க்கிறேன், வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. எழுதிக் கொடுத்த வீட்டுவேலை இன்னும் திரும்பி வரவில்லை. கரையோரப் பாதையில் ரயில் போகும் போதெல்லாம் வாசிப்பு நின்றுவிடும். யன்னலோரம் இருந்தால் காற்று வரும், ஆனால் பாதி கேட்காது. வாகனம் விட ஒழுங்கையில் இடமில்லை, 100 அல்லது 101 பஸ்ஸில் போவது சுகம்.

புதிதாக எழுதுகிறவர்கள் போகலாம். நாலைந்து கதை எழுதியவர்கள் மதியத்துக்குப் பிறகு மட்டும் வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், அரைக் கட்டணத்துக்கு யோசிக்கிறேன் என்றார்.