நகத்தளவு சில்லுக்காக என் கிட்டாரின் பூச்சு முழுவதும் போனது

எலெக்ட்ரிக் கிட்டாரின் பூச்சில் கீறலோ சில்லோ விழுந்து, பழுதுபார்க்கக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

14 ஆண்டுகளாக வாசித்த அடர்சிவப்புக் கிட்டார் என்னுடையது. ஒரு நாள் தோள்பட்டை வார் கழன்று, கல் தரையில் விழுந்தது. கீழ் ஓரத்தில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவுக்குப் பூச்சு பெயர்ந்து மரம் தெரிந்தது. பின்பக்கத்தில் பெல்ட் கொக்கி உரசிய கீறல்கள் முன்பே இருந்தன. இரண்டையும் சரிசெய்யத்தான் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். இதன் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்று அவரிடம் சொன்னேன். "தெரியும், அதே லேக்கரில்தான் செய்வேன், ஒரு வாரம் போதும்" என்றார். பூச்சைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. அங்கேயே கிட்டாரைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்துக் கைக்கு வந்தபோது கண்ணாடிபோல் மின்னியது. மனம் மட்டும் ஒப்பவில்லை. முன்கை படிந்து படிந்து மங்கிப்போயிருந்த மேல் ஓரம், நான் பல வருடங்கள் வாசித்ததற்கான ஒரே தடயம், காணாமல் போயிருந்தது. வீட்டுக்கு வந்து கம்பிகளைக் கழற்றி, முன்பக்கத் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் பழைய அடர்சிவப்பு. வெளியே வேறொரு வெளிர்சிவப்பு. இரண்டுக்கும் இடையே விரலில் தட்டுப்படும் படி. ஒரு சில்லை நிரப்பக் கொடுத்த கிட்டாரை முழுக்கத் தேய்த்து, முழுக்க ஸ்பிரே அடித்திருக்கிறார்.

பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டு, தகட்டுக்கு அடியில் இருந்த பழைய பூச்சில் வைத்தேன். சில நொடிகளில் பிசுபிசுத்தது. லேக்கர் அப்படித்தான் கரையும். கழுத்து பொருந்தும் குழிக்குள் படிந்திருந்த புதிய பூச்சில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அது பாலியூரித்தேன் போன்ற, கரையாத பூச்சு. ரசீதில் மட்டும் லேக்கர் என்று எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்.

எந்தப் பூச்சாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. லேக்கர், கரைப்பான் ஆவியாகிக் காய்வது. புதிதாக இடும் லேக்கர் பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அதனால் சிறு சேதத்தை அந்த இடத்தில் மட்டும் தடம் தெரியாமல் சரிசெய்யலாம். பாலியூரித்தேனும் பாலியெஸ்டரும் வேதிவினையால் இறுகுபவை. புதிதாக இடுவது பழையதோடு கரைந்து சேர்வதில்லை. அவற்றில் விழுந்த சில்லுக்கு, நிறத்தைத் தொட்டுவைத்து, மேலே சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக இட்டு நிரப்புவதுதான் வழக்கம். ஆக, என்ன பூச்சு என்று தெரியாமல் வேலையைத் தொடங்கவே முடியாது.

இன்னொரு சேதம் சில நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. வார் மாட்டும் பொத்தான்களைச் சுற்றிப் பூச்சு வெடித்து, மரம் சற்று உப்பியிருந்தது. தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்கும்போது திருகு ஓட்டைகள் வழியே ஈரம் உள்ளே இறங்கினால் இப்படித்தான் ஆகும். ஓட்டைகளை முன்கூட்டியே மெழுகால் அடைக்கலாம், அல்லது அந்த இடங்களை ஈரமில்லாமல் தேய்க்கலாம். அந்த அடிப்படைக் கவனம்கூட அவரிடம் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். "புதிதுபோல் ஆக்கிக் கொடுத்திருக்கிறேன், இதற்கும் குறையா?" என்றார். பணம் திரும்பவில்லை. கொடுக்கும் முன் புகைப்படம் எடுக்கவில்லை. என்ன வேலை என்று எழுதி வாங்கவும் இல்லை. நீங்கள் இரண்டையும் செய்துவிடுங்கள். தகட்டுக்கு அடியில் இருக்கும் நிறத்தையும் சேர்த்துப் படமெடுங்கள்.

பிறகு பார்த்த இன்னொரு கைவினைஞர், செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு துண்டு மரத்தில் செய்து காட்டினார். சில்லுக்குள் லேக்கரைச் சொட்டாக விட்டு, காயவிட்டு, மறுபடி விட்டு, சுற்றியுள்ள பரப்பைவிட இம்மியளவு மேடாகும்வரை நிரப்பினார். லேக்கர் காயக் காயச் சுருங்கும் என்பதால் வாரக்கணக்கில் காத்திருந்தார். பிறகு பிளேடின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, நடுவில் மட்டும் சுரண்டும்படி வைத்து மேட்டைச் சமப்படுத்தினார். அடுத்து 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்கள், கடைசியில் பாலிஷ். சில்லைத் தாண்டி வேறெங்கும் அவர் கை போகவில்லை. பொறுமை கேட்கும் வேலை இது. ஸ்பிரே அடித்து மூடிவிடுவது அதைவிட எளிது.

என் கிட்டாரின் புதிய பூச்சை உரித்தால் மரமும் சேர்ந்து தேயும் என்று அவர் தடுத்துவிட்டார். அப்படியே வைத்து வாசிக்கிறேன். மேலே இருப்பது அசல் பூச்சு அல்ல என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, தகட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். எனக்குப் பிறகு இதை வாங்குபவர் ஏமாறக் கூடாது.