அனிமேஷனில் இயற்பியலை வளைக்க மூன்று வழிகள்: கைவேலை, சிமுலேஷன், மோஷன் கேப்சர்

மலை விளிம்பைத் தாண்டி ஓடிய கயோட்டி ஓநாய் அந்தரத்தில் நிற்கும். கீழே பார்க்கும். அப்புறம்தான் விழும். 1949இல் தொடங்கிய ரோட் ரன்னர் கார்ட்டூன்களில் இந்தக் காட்சி எத்தனையோ முறை வந்துவிட்டது. இது பொய் என்று யாரும் குறைப்பட்டதில்லை. ஆனால் பிளெண்டர் என்ற இலவச 3D மென்பொருளில் ஒரு மாணவர் மேசையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை உருட்டிவிடுகிறார். புவியீர்ப்பு எண் சரி, பழத்தின் உருவம் சரி, ஒளி சரி. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அது பழமாகத் தெரிவதில்லை. பெரிய பலூன் இறங்குவதுபோல் இருக்கிறது. விதியை மீறிய ஓநாயை நம்புகிறோம், விதிப்படி விழுந்த பழத்தை நம்ப மறுக்கிறோம்.

அசைவைச் செய்ய இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையையும் அனிமேட்டரே வைக்கும் கீஃப்ரேம் கைவேலை ஒன்று. விசையையும் எடையையும் கொடுத்துவிட்டு மீதியைக் கணினியிடம் விடும் சிமுலேஷன் இன்னொன்று. நடிகரின் உடல் அசைவைப் பதிவு செய்து பாத்திரத்துக்கு மாற்றும் மோஷன் கேப்சர் மூன்றாவது. எது உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த விதியை வளைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்து வழி மாறும்.

முதலில் நிஜக் கணக்கு

வளைப்பதற்கு முன் நேர்கோடு எது என்று தெரிந்திருக்க வேண்டும். திரைப்பட வேகம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நின்ற நிலையிலிருந்து விழும் பொருள் முதல் ஃபிரேமில் 0.85 செ.மீ. இறங்கும். 4 ஃபிரேம் முடிவில் 13.6 செ.மீ., 8இல் 54 செ.மீ., 12இல் 122 செ.மீ., 24இல் 490 செ.மீ. ஃபிரேம் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 0.85ஆல் பெருக்கினால் விடை செ.மீ.யில் வந்துவிடும். அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை விகிதத்தில் கூடும். கலிலியோ கண்டறிந்த இந்த விகிதத்தை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

துள்ளும் பந்து

20 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்து 122 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வைப்போம். தரையைத் தொட 12 ஃபிரேம். கடைசி இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே அது 19.6 செ.மீ. நகர்கிறது, அதாவது கிட்டத்தட்ட தன் விட்டத்தின் அளவு. இதைவிட வேகம் கூடினால் ஒரு ஃபிரேமில் உள்ள பந்தும் அடுத்த ஃபிரேமில் உள்ள பந்தும் ஒன்றையொன்று தொடாது. கண் அதைத் தொடர்ச்சியான அசைவாகப் பார்க்காமல் விட்டுவிட்டுத் தோன்றும் புள்ளிகளாகப் பார்க்கும். டென்னிஸ் பந்து என்றால் ஐந்தாவது ஃபிரேமிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடும்.

பந்தை இழுத்து நீட்டும் பழக்கம் பிறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்குவாஷ்–ஸ்ட்ரெட்ச் எனப்படும் இந்த நசுக்கி நீட்டும் முறை வெறும் வேடிக்கைக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. நீட்டிய பந்து அடுத்த நிலையை எட்டித் தொடுவதால் கண் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறது.

கைவேலையில் இதைச் செய்வது எளிது. தரையைத் தொடுவதற்கு முந்தைய ஃபிரேமில் உயரத்தை 1.4 மடங்கு ஆக்க வேண்டும். அகலமும் ஆழமும் 0.85 மடங்கு ஆக வேண்டும். தொட்ட ஃபிரேமில் உயரம் 0.6, மற்ற இரண்டும் 1.29. எழும் ஃபிரேமில் மறுபடி நீட்சி. உச்சிக்குப் போகும்போது முழு உருண்டை. கன அளவு மாறக்கூடாது என்பதுதான் இங்கே கட்டுப்பாடு. உயரத்தை மட்டும் குறைத்து அகலத்தை அப்படியே விட்டால் பந்து காற்றுப் போனதுபோல் தெரியும். அகலத்தை அளவுக்கு மேல் கூட்டினால் தண்ணீர்ப் பை. அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, உச்சியில் நீட்டுவது. அங்கே வேகமே இல்லை, நீள்வதற்குக் காரணமும் இல்லை.

பந்தைக் கெட்டிப் பொருளாகக் கணக்கிடும் சிமுலேஷனில் அது நீளாது, நசுங்காது. துள்ளல் மட்டும் துல்லியமாக இருக்கும். மோதலுக்குப் பிறகு 80 விழுக்காடு வேகம் மிஞ்சும் பந்து 78 செ.மீ. எழும்பும், ஏற 9 அல்லது 10 ஃபிரேம் எடுக்கும். பிளெண்டரில் புதிதாகச் செய்பவர் முதலில் தடுக்கி விழுவது, மோதிய பின் எவ்வளவு வேகம் மிஞ்சும் என்று சொல்லும் துள்ளல் எண்ணில். பந்துக்கு 0.8 கொடுத்துவிட்டுத் தரையை 0இலேயே விட்டால் பந்து மாவு உருண்டைபோல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு எண்களும் பெருக்கப்படுகின்றன; தரைக்கு 1 கொடுத்தால்தான் பந்தின் 0.8 உயிர் பெறும்.

ஒற்றைப் பந்துக்கு என் தீர்ப்பு கைவேலைதான். இருநூறு பந்துகள் படிக்கட்டில் கொட்டினால் சிமுலேஷன். அந்தக் கூட்டத்தில் எந்தப் பந்து நசுங்கவில்லை என்று யாரும் எண்ணப்போவதில்லை.

ஆரஞ்சு ஏன் பலூன் ஆனது

நேரம்தான் அளவைச் சொல்கிறது. திரையில் ஒப்பிட வேறு பொருள் இல்லாதபோது, விழும் வேகத்தை வைத்துத்தான் நம் மூளை பொருளின் அளவைக் கணிக்கிறது. பிளெண்டரில் புதிதாக வைக்கும் கோளத்தின் விட்டம் 2 மீட்டர். ஆரஞ்சுக்கு 8 செ.மீ. போதும். 25 மடங்கு பெரிய உலகத்தில் பழம் விழுகிறது. விழும் நேரம் அளவின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும், எனவே 5 மடங்கு மெதுவாகத் தெரிகிறது. மாணவர் போட்ட புவியீர்ப்பு எண்ணில் பிழையே இல்லை. காட்சியின் அளவில்தான் பிழை.

திருத்த இரண்டு வழி. காட்சியை நிஜ அளவுக்குச் சுருக்கி, அந்த அளவை உறுதிசெய்துவிட்டு ஓட்டலாம். அல்லது பெரிதாகவே விட்டு, புவியீர்ப்பை வழக்கமான 9.8இலிருந்து 25 மடங்காக்கி 245 என்று கொடுக்கலாம். முதல் வழி நேர்மையானது. ஆனால் மென்பொருள் வைத்திருக்கும் 4 செ.மீ. மோதல் விளிம்பு 8 செ.மீ. பழத்துக்கு மிகப் பெரிது. பழத்தின் மோதல் வடிவத்தை மெஷ் (முக்கோண வலை) என்று வைத்து ஓட்டினால் பழம் மேசையைத் தொடாமல் மிதப்பதுபோல் நிற்கும், விளிம்பையும் கூடவே குறைக்க வேண்டும். இரண்டாவது வழியில் வேகம் கூடுவதால் ஒரு ஃபிரேமுக்குள் கணினி கணக்கிடும் உட்படிகளைக் கூட்ட வேண்டும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பொருள் ஒரு ஃபிரேமில் 83 செ.மீ. தாண்டுகிறது. உட்படி 10 என்றால் ஒவ்வொன்றிலும் 8.3 செ.மீ. சுவர் 5 செ.மீ. தடிமன்தான் என்றால் பொருள் ஒரு படியில் இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். சிறிய பொருள் என்றால் சுவரை ஊடுருவிப் போய்விடக்கூடும்.

மோஷன் கேப்சரிலும் இதே கணக்குதான். சாதாரண உயரமுள்ள நடிகரின் நடையை நான்கு மடங்கு உயரமான பூதத்துக்கு அப்படியே மாற்றினால், பூதம் வேடம் போட்ட மனிதனாகத் தெரியும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு. நடையை இரண்டு மடங்கு மெதுவாக்க வேண்டும். கால் நீளம் மாறுவதால் பாதம் தரையில் வழுக்கும். ஒவ்வொரு காலடியையும் தரையோடு பூட்டித் திருத்துவது தனி வேலை. தமிழ்ப் பார்வையாளர்களிடம் 2014இல் வந்த 'கோச்சடையான்' இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சைக் கொண்டுவந்தது. நடிகரின் நடையும் திரும்பும் விதமும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம் என்றால் இதற்கு மாற்று இல்லை. பாத்திரம் ரப்பராக நீள வேண்டும், அந்தரத்தில் நிற்க வேண்டும் என்றால் இது தவறான கருவி. பதிவான உடல் தன் எடையைக் கூடவே கொண்டுவரும், அதை அழிக்க எடுக்கும் நேரத்தில் புதிதாகவே செய்துவிடலாம்.

அந்தரத்தில் நிற்பது

கயோட்டிக்கு வருவோம். மேலே எறிந்த எந்தப் பொருளும் தன் பறக்கும் நேரத்தில் 71 விழுக்காட்டை உயரத்தின் மேல் பாதியிலேயே கழிக்கிறது. உச்சியில் தயங்கி நிற்பது இயற்கையிலேயே இருக்கிறது. கார்ட்டூன் அதை மிகைப்படுத்துகிறது. இன்னொன்றும் உண்டு. விளிம்பைத் தாண்டிய பொருள் சற்று நேராகப் போய்விட்டுப் பிறகு விழும் என்றுதான் பலருடைய உள்ளுணர்வு சொல்கிறது. எறிந்த பொருளுக்குள் ஏறிய உந்துதலே அதை நகர்த்துகிறது என்ற, நியூட்டனுக்கு முந்தைய இம்பெட்டஸ் கொள்கையும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. ஓநாய் விழும் முறை பாடப்புத்தகத்தோடு மோதினாலும் நம் உள்ளுணர்வோடு மோதவில்லை.

நாயகன் 3 மீட்டர் குதிக்கிறான் என்றால் நிஜக் கணக்கில் ஏறி இறங்க 37, 38 ஃபிரேம். அது திரையில் சோம்பலாகத் தெரியும். கைவேலை செய்பவர் மொத்தத்தை 28 ஃபிரேமாகக் குறைத்து, அதில் 24ஐ மேல் பாதியில் வைப்பார். ஏற இரண்டு, இறங்க இரண்டு. அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் உச்சி மேசைபோல் தட்டையாகத் தெரியும்.

இங்கே குறைக்கவே கூடாத இரண்டு இடங்கள் உண்டு. குதிப்பதற்கு முன் குனியும் 8 முதல் 12 ஃபிரேம். இறங்கிய பின் முழங்கால் மடிந்து உடல் அடங்கும் நேரம். புவியீர்ப்பை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். உழைப்பில்லாமல் எழும் உடலைக் கண் மன்னிக்காது. யாரோ கயிறு கட்டித் தூக்கியதுபோல் தெரியும்.

சிமுலேஷன் இந்தக் குதிப்பைச் செய்யாது. ஆனால் நாயகன் போட்டிருக்கும் துண்டும் சட்டையும் சிமுலேஷனில் இருக்கும், அங்கேதான் இரண்டு உலகமும் மோதிக்கொள்கின்றன. 1.5 மீட்டரை 2 ஃபிரேமில் ஏறுவது மணிக்கு 65 கி.மீ. வேகம். துணி அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு உடலை விட்டுப் பறக்கும், அல்லது உடலுக்குள் சிக்கிச் சிதறும். தீர்வு இதுதான்: காட்சிக்கு 30 முதல் 50 ஃபிரேம் முன்பே நடுநிலையில் தொடங்கித் துணியை அடங்கவிடுவது, துணிக் கணக்கின் துல்லியத்தைக் குறிக்கும் தர எண்ணை 5இலிருந்து 10 அல்லது 15க்கு உயர்த்துவது, உடல் நகரும் வேகத்தில் ஒரு பங்கை மட்டும் துணிக்குத் தெரியப்படுத்துவது.

'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018) படத்தில் நாயகன் மைல்ஸ் தொடக்கத்தில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை என்ற கணக்கில் அசைவான். அந்த நடையில் உங்கள் படத்துக்குத் துணி சிமுலேட் செய்தால், உடல் நின்று தாவி நின்று தாவிப் போவதாக மென்பொருள் புரிந்துகொண்டு துணியை உதறும். உடலை 24 ஃபிரேமிலும் வழுவழுப்பாக அசைத்துத் துணியைக் கணக்கிட்டு, பிறகு ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை நீக்கி, மிஞ்சியதை இரண்டு ஃபிரேம் நிறுத்துவது பாதுகாப்பான வழி.

முடி, தண்ணீர், பலூன்

'பிரேவ்' (2012) படத்தின் நாயகி மெரிடாவின் சுருள் முடிக்குக் கையால் வைத்த சுமார் 1,500 சுருள்களிலிருந்து 1,11,000 முடிகள் உருவாக்கப்பட்டன. சுருள் முடி என்பது ஸ்பிரிங். மென்மையாக அசைய வேண்டுமென்று அதைத் தளர்த்தினால் தன் எடையிலேயே நீண்டு சுருள் அவிழ்ந்துவிடும். இறுக்கினால் கம்பியாக நிற்கும். நிஜ முடியின் எண்களைப் போட்டு இதைத் தாண்ட முடியாது. சுருளுக்குள் ஓடும் மென்மையான நடுக்கோட்டை வைத்து வளைவைக் கணக்கிட்டு, சுருள் நீள்வதைத் தனியாகக் கட்டுப்படுத்தினார்கள். கணினிதான் கணக்கிட்டது, கணக்கிடும் விதியை மனிதர்கள் வளைத்தார்கள்.

அடுத்த ஆண்டு வந்த 'ஃப்ரோஸன்' படத்தின் பனி சிமுலேஷன் ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. அதே படத்தில் எல்சா பாடியபடி பின்னலை முன்னால் எடுத்துப் போடும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பின்னல் அவள் கையை ஊடுருவி வரும். இரண்டு திடப்பொருள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்ற விதி அங்கே சில ஃபிரேம் மீறப்படுகிறது. கையின் வீச்சு நன்றாக இருந்ததால் கண் அதைத் தொடர்ந்து போய்விட்டது.

தண்ணீரில் வேறுபாடு இன்னும் கூர்மை. 'போன்யோ' (2008) கையால் வரைந்த சுமார் 1,70,000 படங்களால் ஆனது. அதில் அலைகள் மீன்களாகவே எழுந்து ஓடும். அலைக்கு விளிம்புக்கோடு உண்டு, முகம்போல் ஒரு திசை உண்டு. எந்தத் திரவச் சமன்பாடும் இதைத் தராது. அதே சமயம் கரையில் நுரை பரவி மணலில் வடிவதைக் கையால் வரைய முனைவது வீண் உழைப்பு, சிமுலேஷன் ஒரே இரவில் தந்துவிடும். தண்ணீர் பாத்திரமாக நடிக்க வேண்டுமென்றால் முதலில் வடிவத்தைக் கையால் அசைத்து, அதன்மேல் துளியையும் நுரையையும் சிமுலேஷனில் சேர்ப்பதே நடைமுறை.

'அப்' (2009) படத்தில் பலூன்களால் பறக்கும் வீட்டைத் தூக்க நிஜத்தில் 2 முதல் 3 கோடி பலூன் வேண்டும் என்று படத்தை எடுத்த பிக்சார் நிறுவனம் கணக்குப் போட்டது. திரையில் வீடு எழும்பும்போது இருப்பவை 20,622, மிதக்கும் காட்சிகளில் 10,297. 28 செ.மீ. பலூன் ஒன்று ரப்பர் எடை போக ஏறக்குறைய 9 கிராம் தூக்கும். இருபதாயிரம் பலூன் சேர்ந்தால் சுமார் 185 கிலோ, அதாவது மூன்று ஆட்கள். எண்ணிக்கையில் அப்பட்டமான பொய். ஆனால் ஒவ்வொரு பலூனும் பக்கத்துப் பலூனை இடித்து விலகுவது சிமுலேஷனில் செய்யப்பட்டது. இங்கே பொய் ஒரே இடத்தில், எண்ணிக்கையில் மட்டும் இருக்கிறது.

மடிக்கணினியில் தனியாகக் குறும்படம் செய்பவர் உடலையும் முகத்தையும் கையால் செய்து முடித்து, நீளத்தையும் நேரத்தையும் பூட்டிய பிறகே துணியையும் முடியையும் ஓட்டட்டும். வரிசை மாறினால், குதிப்பில் இரண்டு ஃபிரேம் திருத்தும் ஒவ்வொரு முறையும் சிமுலேஷன் முழுவதையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டி வரும்.