கும்பகோணத்தில் இரண்டு முறை கொடுத்த ரத்தம்

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54.3 சதவீதம் என்று சிவப்பு எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு, ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. நான் கொல்லைப்பக்கம் கை கழுவப் போயிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தது அக்கா. பின்னாலேயே லேபிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "சாருக்கு ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கு, உடனே டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் அதே கூடத்தில்தான்.

விஷயம் இதுதான். 2019-இல் இங்கிலாந்தில் லெஸ்டரில் எனக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு உடம்பு தானாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பதில்லை. வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நாலு வருடத்துக்கு மேல் ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். இந்த ஜனவரியில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு மாற்றினார்கள். அப்போதே ஹார்மோன் பிரிவு நர்ஸ் உட்கார வைத்துச் சொன்னார்: இந்த மருந்து எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைக் கூட்டும். சிறுநீரகத்தில் சுரந்து சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டினை ஏற்றும். இரும்புச்சத்தைப் பூட்டி வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கும். மஜ்ஜைக்கு இரும்பு தாராளமாகக் கிடைக்கும், அணுக்கள் பெருகும். ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம், ஏனென்றால் ஊசி போட்ட சில நாட்களில் ஹார்மோன் அளவு உச்சிக்குப் போய்ப் பிறகுதான் இறங்கும். அதனால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஹீமட்டோகிரிட் என்ற சிவப்பணுப் பங்கைப் பார்க்க வேண்டும், அதன் பின் வருடத்துக்கு ஒரு முறை. 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் மறுபடி ஆரம்பிப்பது வழக்கம்.

மே மாதம் ஊருக்குப் போகிறேன் என்றதும், அங்கேயே பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றார்.

ஹீமட்டோகிரிட்டை நம் ஊரில் பி.சி.வி. என்பார்கள். மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு. மீதி இடம் பெரும்பாலும் பிளாஸ்மா, அதில் பெரும்பகுதி நீர். நீர் குறைந்தால் ஓர் அணுகூடக் கூடாமலேயே கணக்கு ஏறிவிடும். என் கோபமெல்லாம் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எப்படி ரத்தம் எடுத்தார்கள் என்று சொல்கிறேன். முதல் நாள் விடியற்காலை சென்னையில் இறங்கி, எழும்பூருக்கு ஓடிச் சோழன் எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடித்து, அனல் காற்றில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன் நான். விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல். வழியில் ரெண்டு காபி குடித்தேன், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு லேப் பையன் பைக்கில் வந்துவிட்டான். வெறும் வயிறு என்றால் தண்ணீர்கூடக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தரவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், உடனே கையில் பட்டையைக் கட்டினான். நரம்பு தட்டுப்படவில்லை. அதற்குள் அவனுக்குப் போன் வந்தது. பட்டை கட்டியபடியே இருக்க, அடுத்த வீட்டு முகவரிக்கு வழி கேட்டு முடித்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தான். பட்டையை நீண்ட நேரம் இறுக்கி வைத்தாலே அந்த இடத்தில் நீர் வெளியேறி ரத்தம் அடர்ந்துவிடும். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன மருந்து, தண்ணீர் குடித்தீர்களா என்று ஒரு கேள்வி இல்லை.

மறுநாள் ஒரு டாக்டரிடம் டோக்கன் 31. போனில் இருந்த லெஸ்டர் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அதில் ஹீமட்டோகிரிட் 0.49, ஹீமோகுளோபின் 164. அவர் புருவத்தைச் சுருக்கி, "தப்பா அடிச்சிருக்காங்க" என்றார். தப்பில்லை. இங்கிலாந்தில் சதவீதம் போட மாட்டார்கள், பின்னமாகப் போடுவார்கள், 0.49 என்றால் 49 சதவீதம். ஹீமோகுளோபினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்பார்கள். நம் ஊர்க் கணக்கில் 16.4. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் சீட்டில் எழுதிவிட்டார்: ஊசியை நிறுத்து, ஒரு யூனிட் ரத்தம் எடு.

ஒரு பாட்டில் ரத்தத்தை இறக்கினால் எண் இறங்கும்தான். கூடவே இரும்புச்சத்தும் போகும். நல்ல நீர்ச்சத்தோடு இன்னொரு முறை பார்க்காமல், குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உண்டா, புகைபிடிப்பவரா என்று கேட்காமல் அந்த முடிவுக்குப் போகலாமா? உறக்கத்தில் மூச்சு தடைபட்டு ஆக்ஸிஜன் குறைந்தாலும் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும். லெஸ்டரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆனால் கடைசியில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்பார்கள். ஊரில் எல்லாம் அன்றைக்கே கிடைக்கிறது, கேள்வி மட்டும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கோ தூக்கம் போயிற்று. அப்போது அத்தான்தான், "அந்தப் பழைய லேபுக்குப் போய்ப் பாரேன், அவர் இன்னும் உட்கார்றார்" என்றார்.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்து. அதே மரப் பெஞ்சு, அதே பச்சைத் திரை, உள்ளே நுழைந்ததும் அதே டெட்டால் வாசனை. உள்ளே இருந்தவர் அப்பாவுக்கு மாதா மாதம் சர்க்கரை பார்த்த லேப்காரர். எழுபது தாண்டியிருக்கும். என் முகத்தைப் பார்த்து, "நீ நடுப் பிள்ளையா?" என்றார். கையை நீட்டினேன். "அவசரம் வேண்டாம் தம்பி. எப்ப ஊருக்கு வந்தே? தண்ணி குடிச்சியா?" நடந்ததைச் சொன்னேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், "ரெண்டு நாள் நல்லா தண்ணி குடி, மோர் குடி. வியாழக்கிழமை காலைல வா. வர்றப்பவும் ரெண்டு டம்ளர் குடிச்சிட்டு வா. வெறும் வயிறுன்னா சோறு கூடாதுன்னுதான் அர்த்தம்" என்று அனுப்பிவிட்டார். நடுவில் நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்குதல், பார்வை மங்கல் ஏதாவது வந்தால் தனக்காகக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

வியாழக்கிழமை பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார வைத்தார். பட்டையைக் கட்டி, ரத்தம் குழாயில் இறங்க ஆரம்பித்ததுமே அவிழ்த்துவிட்டார். ஊதா மூடிக் குழாயை எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். அதில் பாதியை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, "உனக்கு ஒண்ணு காட்றேன்" என்று அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் எடுத்தார். விண்ட்ரோப் குழாய். சுண்டுவிரலைவிட மெல்லியது, நீளத்தில் பத்து சென்டிமீட்டருக்குக் கோடு போட்டது. நீண்ட மூக்குள்ள பிப்பெட்டால் அடியிலிருந்து குமிழி வராமல் நிரப்பினார். சென்ட்ரிஃபியூஜில் அரை மணி நேரம் சுற்ற விட்டார்.

வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கருஞ்சிவப்பாக ஒரு தூண். அதன் தலையில் நகக்கீறல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, அது வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். அதற்கு மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். சிவப்பு நின்ற இடத்தில் நகத்தை வைத்து, "படி பார்ப்போம்" என்றார். 51. "இதுல அணுக்களுக்கு நடுவுல கொஞ்சம் தண்ணி மாட்டியிருக்கும், அதனால நெஜத்தைவிட ஒண்ணு ரெண்டு கூடத்தான் காட்டும். மெஷின் அணுக்களை எண்ணி, ஒரு அணுவோட அளவால பெருக்கிச் சொல்றது." மெஷின் சொன்னது 49.8.

ஐந்து வருடமாக எத்தனையோ முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். லெஸ்டரில் முடிவு போனில் வரும், கீழே 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். என் ரத்தத்தை இப்படிக் கையில் வைத்து யாரும் எனக்குக் காட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. அக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். அவளும் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்த 51-ஐ இரண்டு தரம் படித்தாள்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் நீல மையில் அவர் கையால் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து நர்ஸுக்கு அனுப்பினேன். ஊசியை நிறுத்த வேண்டாம், அடுத்த ஊசிக்கு முன்னால் மறுபடி பார்க்கலாம், தூக்கப் பரிசோதனைக்கும் எழுதி வைக்கிறேன் என்று பதில் போட்டவர், ஓரத்தில் இருப்பது என்ன என்று கேட்டிருந்தார். மொழிபெயர்த்து அனுப்பினேன்: "தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, பட்டையை உடனே அவிழ்த்து எடுத்தது."