காக்கெரோரியைத் தேடி: ராரோடோங்கா மழைக்காட்டில் வழிகாட்டியுடன் ஒரு நடை

தென் பசிபிக்கில் உள்ள குக் தீவுகளின் ராரோடோங்காவுக்கு வருபவர்களில் பலர் கடற்கரையை விட்டு நகர்வதில்லை. தீவின் நடுவே செங்குத்தாக எழும் எரிமலைக் குன்றுகளையும் அவற்றைப் போர்த்தியிருக்கும் மழைக்காட்டையும் விமானச் சன்னல் வழியே பார்த்ததோடு சரி. தென்கிழக்கில் 155 ஹெக்டேர் பரப்புள்ள தாக்கித்துமு காப்புப் பகுதியில் வழிகாட்டியுடன் நடந்த பிறகு, அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தோன்றியது.

இந்த நடையின் சிறப்பு காட்சியில் இல்லை, விளக்கத்தில் இருக்கிறது. வழிகாட்டி முதலில் நின்றது பறவைக்காக அல்ல, புதரடியில் இருந்த எலி மருந்துப் பெட்டிக்காக. இத்தீவில் மட்டுமே வாழ்ந்த காக்கெரோரி என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் கப்பல்களில் வந்த எலிகள் தின்று தீர்த்ததால், 1989-இல் எஞ்சியவை 29 மட்டுமே. இனப்பெருக்கக் காலந்தோறும் மருந்து வைத்து எலிகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய பின், எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. 1996-இல் இந்நிலத்துக்கு உரிமையுள்ள மூன்று குடிகளே காப்புப் பொறுப்பை ஏற்றன. ஒரே புயலில் இனமே அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, 2001 முதல் 2003 வரை 30 இளம் பறவைகளை அத்தியூ தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இவ்வளவையும் கேட்ட பிறகு, கிளையில் வந்தமர்ந்த செம்மஞ்சள் நிறப் பறவை வெறும் அழகாக மட்டும் தெரியவில்லை. இளமையில் செம்மஞ்சளாக இருக்கும் இவை நான்காம் ஆண்டில் முழுச் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. நிறத்தை வைத்தே வயதைச் சொல்ல முடிகிறது. (நம் தலைமுடியும் அப்படித்தானே!)

குறைகளும் உண்டு. நாங்கள் தங்கிய விடுதியில் இதை எளிய நடை என்றார்கள். மழைக்குப் பிறகு வேர்களும் செம்மண் சரிவும் வழுக்கியதில் இருமுறை விழுந்தேன். ஓடைப் பக்கம் கொசுத்தொல்லை அதிகம். மலையுச்சிக் காட்சியை எதிர்பார்ப்பவர்களுக்கு, 413 மீட்டர் உயரப் பாறையான தே ருவா மங்காவை ஒட்டித் தீவைக் குறுக்கே கடக்கும் பாதையே பொருத்தம். பறவையில் ஆர்வமுள்ளவர்கள் கூடுகட்டும் காலத்தில் வருவது நல்லது. அப்போதும், பொறுமையாகக் காத்து நிற்கத் தெரியாத குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்.