பலகாரக் கடைக்கு குனூகேஷ்: இரண்டரை வருடம் எழுதிப் பார்த்த பிறகு

காரைக்குடி செக்காலைப் பக்கம், எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில்தான் பலகாரக் கடை. தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, கைமுறுக்கு. பாதிக்கு மேல் கல்யாண ஆர்டர். மீதி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பாக்கெட்டுகள். அடுப்படியில் ஆறு பெண்கள், கணக்குக்கு நான் ஒருத்தி. 2023 ஏப்ரலிலிருந்து குனூகேஷ் (GnuCash) என்ற மென்பொருளில் கணக்கு எழுதுகிறேன். இதை விற்கிறவர் என்று யாரும் கிடையாது, அதனால் கடைக்கு வந்து விளக்கிச் சொல்லவும் ஆள் கிடையாது. என்னைப் போல சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் மூன்று வருடம் ஒரு செல்போன் செயலி வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அது கைக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய நிம்மதி. நின்றபடியே பில் போடலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், யார் எவ்வளவு பாக்கி என்று விரலால் தள்ளிப் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா கட்டினோம், வேலை நடந்தது.

2023 தை மாதம் எங்களுக்குப் பழக்கமான ஒரு வீட்டில் கல்யாணம். நாற்பது வருட வாடிக்கை. பலகாரத்தில் 4,200 ரூபாய் பாக்கி நின்றது. அவர்களிடம் நாங்கள் கேட்பதே கிடையாது, அவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் அந்த வீட்டுப் பெரிய ஆச்சி தவறிவிட்டார். கேதம் கேட்கப் போக நான் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அண்ணனிடமிருந்து போன். "பணத்தை நாளைக்கே கொடுத்து விடுறேம்மா, மறந்தே போச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், என் கடைப் பெயரில், சிவப்பு எழுத்தில், பாக்கியை உடனே செலுத்தவும் என்று அன்று காலை அவருக்குச் செய்தி போயிருக்கிறது. செயலியின் ஏதோ ஒரு புதுப்பிப்பில் தானாக நினைவூட்டும் வசதி சேர்ந்திருக்கிறது. நான் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அந்தத் தணிந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கடன் கொடுப்பதும் கேட்பதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. கேட்கிற வேளை, கேட்கக் கூடாத வேளை, நேரில் கேட்பதா, ஆள் விட்டுக் கேட்பதா என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. நான் வாங்கிப் போட்ட மென்பொருள் அந்த முறையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதைக் கூட நான் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

சரி, விட்டுவிடலாம் என்று முடிவு செய்தால் அடுத்த முட்டுக்கட்டை. என் வாடிக்கையாளர் பட்டியலையும் பாக்கியையும் வேறு எங்காவது கொண்டுபோகிற வடிவில் இறக்க வேண்டுமென்றால் அதைவிட உயர்ந்த சந்தாவுக்கு மாற வேண்டுமாம். நான் கட்டவில்லை. மாசி முழுக்க ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் கையால் எழுதி எடுத்தேன்.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிற என் தங்கை மகன்தான் குனூகேஷை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது. மூல நிரலே திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். 1998இல் முதல் பதிப்பு வந்ததாம். இத்தனை வருடமாகத் தன்னார்வலர்கள் பேணி வருகிறார்கள்.

முதல் வாரம் மலைப்பாகத்தான் இருந்தது. பில் போடும் பொத்தானைத் தேடினால் ஒரு மரம் போலக் கணக்குத் தலைப்புகள் விரிகின்றன. சொத்து, கடன், முதல் (மூலதனம்), வரவு, செலவு என்று ஐந்து கிளைகள். அவற்றுக்கு அடியில் நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழிலேயே பெயர் வைக்கலாம். என்னுடையதில் "கடலை எண்ணெய்", "வெல்லம்", "அடுப்படிக் கூலி", "டின் முன்பணம்" என்று இருக்கிறது. எந்தப் பணமும் ஒரு கணக்கிலிருந்து கிளம்பி இன்னொரு கணக்கில் போய் உட்கார வேண்டும். எண்ணெய்க்கு 6,000 கொடுத்தால் கல்லாவில் 6,000 குறையும், எண்ணெய்ச் செலவில் 6,000 ஏறும். இரண்டில் ஒன்றை மறந்தால் திரையில் அந்த வரி சமன் ஆகாமல் நிற்கும்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோதான் எனக்கு உறைத்தது, இது ஐயாவின், அதாவது எங்கள் தாத்தாவின், பேரேடு. ஐயா பதினாலு வயதில் பர்மாவுக்குப் போனவர். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது நடந்தே ஊர் திரும்பினார். அங்கே எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. இங்கே வந்து எழுதிய ஒரு பேரேடு மட்டும் எங்கள் சாமான் அறையில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, "சிவமயம்", அதன் கீழே ஆள் ஆளுக்குத் தனிப் பக்கம். வருடக் கடைசியில் ஐந்தொகை, அதாவது சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற மொத்தக் கணக்கு. அந்த ஐந்தொகையைத்தான் குனூகேஷ் இரண்டு சொடுக்கில் எடுத்துத் தருகிறது. அந்தச் செயலியை வைத்திருந்த மூன்று வருடமும் இன்றைக்கு விற்றது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும், கடை எப்படி நிற்கிறது என்பது தெரியாது. முதல் மாத ஐந்தொகையைப் பார்த்தபோதுதான் டின் முன்பணமாக மட்டும் 38,000 ரூபாய் வெளியில் கிடப்பது தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குனூகேஷ் சாதாரணமாகக் கணக்கை எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பாகச் சேமிக்கிறது. தங்கை மகன் அந்தக் கோப்பைச் சுருக்காமல் சேமிக்கும்படி அமைத்து, உள்ளே திறந்து காட்டினான். 1,250 ரூபாய் 50 காசு என்று நான் எழுதியது அங்கே 125050/100 என்று பின்னமாக இருந்தது. புள்ளி வைத்த எண்ணாகக் கணினியில் வைத்தால் கடைசி இலக்கத்தில் நுணுக்கமான பிழை சேரக்கூடும், அதனால் பணத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்கிறார்கள் என்றான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பழைய கணக்கு வாய்பாடான எண்சுவடியில் ஐயா படித்ததும் பின்னம்தானே! கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, கடைசியில் 320இல் ஒரு பங்கான முந்திரி வரை. 1957இல் காசுக் கணக்கு வரும் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணா என்றால் ரூபாயில் வீசம். அந்த மனிதர் நினைவிலேயே பின்னத்தைப் பெருக்கி வட்டி சொன்னவர்.

கோப்பு எழுத்தாகத் திறந்து கிடப்பது எனக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து முறை பரவுவதற்கு முன் வந்த ஒரு தமிழ் எழுத்துருவில் 2003 வாக்கில் அடித்த எங்கள் விலைப்பட்டியல்களும் ஆர்டர் குறிப்புகளும் இன்று திறந்தால் கிறுக்கலாக வருகின்றன. ஐயாவின் பேரேடு இன்னும் படிக்க முடிகிறது, நான் இருபது வருடத்துக்கு முன் அடித்தது படிக்க முடியவில்லை. அதனால் மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது அது என்ன செய்யும் என்பதோடு, அது இல்லாமல் போன பிறகு என் எழுத்தை யார் படிக்க முடியும் என்பதையும் பார்க்கிறேன்.

குறைகளும் நிறைய உண்டு. ஜிஎஸ்டி தாக்கல் இதிலிருந்து நேரடியாகப் போகாது. மத்திய வரி, மாநில வரி என்று பிரிக்கும் வரி அட்டவணையை நாமே அமைத்துக்கொள்ளலாம், ஆனால் மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத் தாக்கலுக்கும் 20ஆம் தேதி 3பி என்ற மொத்த வரித் தாக்கலுக்கும் பட்டியலை எடுத்து ஆடிட்டரிடம் கொடுக்கத்தான் வேண்டும். 2025 செப்டம்பர் 22இல் பாக்கெட் காரவகைகளுக்கு 12 சதவீதம் 5 ஆகக் குறைந்தபோது, தெரிந்த கடைக்காரர்களின் மென்பொருளில் அதுவாக மாறிவிட்டது. நான் புதிய பெயரில் இன்னொரு அட்டவணை போட்டேன். அரை மணி நேரம் ஆனது. சரக்கு இருப்பு பார்க்கும் வசதி கிடையாது, அதற்கு அடுப்படியில் ஒரு நோட்டு தொங்குகிறது. ஒரு கோப்பை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்து எழுத முடியாது. தோற்றமும் பழையதுதான், சின்னப் பிள்ளைகள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

பிரைவேட் லிமிடெட் வைத்திருப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது விதி. அந்த விதிக்குப் பொருந்தும் திருத்தப் பதிவு இதில் இல்லை. என்னுடையது கம்பெனி இல்லை, தனி ஒருவர் பெயரில் நடக்கிற கடை, அதனால் எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது என் மண்டைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். செயலி வைத்திருந்த மூன்று வருடத்தில் என் மனக்கணக்கு போய்விட்டது. நாலு அயிட்டம் கூட்ட போனைத் தேடினேன். ஒரு தீபாவளி சமயம் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. 340, 275, 180 மூன்றையும் கூட்ட நான் தாளில் எழுதியதை அடுப்படிப் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

தங்கை மகனிடம் இதைச் சொன்னபோது, "பெரியம்மா, இனிமேல் மனுஷனுக்கு அது தேவையில்லை, பரிணாமம் அப்படித்தான்" என்றான். அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு, ஆனால் இதில் அவன் சொல்வது சரியில்லை. பரிணாமம் தலைமுறை தலைமுறையாக உடம்பின் மரபில் நடப்பது. மனிதன் நெருப்பில் சமைக்கப் பழகிய பிறகு பல்லும் தாடையும் சிறுத்தன என்கிறார்கள், அதற்கு எத்தனையோ ஆயிரம் தலைமுறை பிடித்தது. மாடு வளர்த்த மக்களிடம் வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் தன்மை பரவியது கடந்த பத்தாயிரம் வருடத்துக்குள். அதுதான் மனிதரிடம் நடந்த மிக வேகமான மாற்றங்களில் ஒன்று என்கிறார்கள். கருவி மனிதனை மாற்றும் என்பது உண்மை. நெருப்பும் கருவிதான், மாடு வளர்ப்பும் ஒரு தொழில்நுட்பம்தான். ஆனால் மூன்று வருடத்தில் என் ஒரு தலைக்குள் நடந்தது மரபு மாற்றம் கிடையாது, பழக்கம் விட்டுப்போனது. பழக்கம் திரும்பி வரும். 2000ஆம் ஆண்டு லண்டனில் டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்த அவர்களுக்கு, இடம் அறிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஓட்டிய வருடம் கூடக் கூட அந்த அளவும் கூடியிருந்தது. இதை அவனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்ப நீங்க ஆறு மாசம் செஞ்சு பாருங்க" என்றான்.

செய்தேன். குனூகேஷில் ஒவ்வொரு வரியையும் நாமே எழுத வேண்டியிருப்பது இங்கே உதவிக்கு வந்தது. தினம் ராத்திரி அன்றைய பில்களை முதலில் மனதில் கூட்டுவேன், ஒரு துண்டுத் தாளில் மொத்தத்தை எழுதுவேன், அதற்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறப்பேன். முதல் மாதம் ஒரு நாளும் சரியாக வரவில்லை. நாலாவது மாதம் முப்பது பில் வரை ஒரே மூச்சில் கூட்டினேன். இப்போது திங்கட்கிழமைச் சந்தையில் வெல்லக்காரர் பேனா எடுப்பதற்குள் தொகையைச் சொல்லிவிடுகிறேன்.

பாக்கி கேட்பதும் என் கைக்கே திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுப்பு அணைந்த பிறகு, பட்டாலையில் உட்கார்ந்து பாக்கிப் பட்டியலைப் பார்ப்பேன். யாருக்கு இப்போது போன் செய்யலாம், யார் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை, யார் மகன் வேலை மாறியிருக்கிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். செயலி போன பிறகு வசூல் குறையும் என்று என் கணவர் பயந்தார். கொஞ்சம் தாமதமாகிறது, உண்மைதான். ஆனால் 2024-25 கணக்கு முடித்தபோது வராத பாக்கி என்று தள்ளியது 1,900 ரூபாய் மட்டும்.

அந்தக் கல்யாண வீட்டு அண்ணனிடம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நேரில் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் 4,200ஐ எண்ணி வைத்திருந்தார். அன்றைக்கு நான் வாங்கவில்லை. வருட திவசத்துக்கு மாவுருண்டை ஆர்டர் கொடுத்தபோது அதோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு நூறு பில்லுக்கு மேல் போடுகிற கடைக்கு இது சரிப்படாது. முப்பது, நாற்பது பில் போடுகிறவர்கள், கணக்கைத் தன் கையால் எழுத மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் தைரியமாக எடுக்கலாம். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் ஆரம்பியுங்கள், இடையில் ஆரம்பித்தால் தொடக்க இருப்புகளைப் போடுவது பெரும்பாடு. வாரம் ஒருமுறை கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். சரக்கு வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் என்ற வரிக் குறியீட்டு எண்ணோடு தமிழில் பில் அச்சாகும்படி யாராவது வார்ப்புரு செய்திருந்தால் எனக்கும் கொடுங்கள். இப்போது நான் அந்த எண்ணைச் சரக்கின் பெயருக்குப் பக்கத்தில் கையால் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.