பிக்குவெரி: தொலைத்தொடர்புத் தரவை ஓரிடத்தில் சேர்த்தவரின் மதிப்புரை

நான் பணிபுரியும் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பில்லிங், ரீசார்ஜ், வாடிக்கையாளர் சேவை, டவர் பராமரிப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் தரவுத்தளத்தில் இயங்கிவந்தது. சென்ற மாத இறுதியில் நம்மிடம் எத்தனை வாடிக்கையாளர்கள் இருந்தனர் என்று நிர்வாகம் கேட்டால், மூன்று துறைகள் மூன்று எண்களைக் கொண்டுவரும். இவை அனைத்தையும் கூகுள் கிளவுடின் பிக்குவெரி என்னும் தரவுக் கிடங்கில் சேர்க்கும் பணியில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இதே முடிவை எடுக்கவிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் நிறைகள். சேமிப்பும் கணக்கீடும் தனித்தனியாக இருப்பதால், அழைப்புப் பதிவுகள் (யார் யாரை எப்போது அழைத்தார் என்னும் விவரங்கள்) பெருகப் பெருக சர்வர் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன்பு இரவு முழுவதும் ஓடிய வருவாய் அறிக்கை, இப்போது தேநீர் அருந்திவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மும்பையில் 2017 முதலும் டெல்லியில் 2021 முதலும் கூகுள் கிளவுட் மையங்கள் இருப்பதால், தரவை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடிகிறது. 90 நாட்கள் மாற்றப்படாத பகுதிகளுக்குச் சேமிப்புக் கட்டணம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம விதிப்படி அழைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டுகளாவது காக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு இது சிறு சலுகையன்று.

கட்டணத்தில்தான் கவனம் தேவை. படிக்கும் தரவின் அளவுக்கேற்பப் பணம் செலுத்தும் முறையில், எத்தனை வரிகள் திரையில் வந்தன என்பது கணக்கில் வராது. படிக்கப்பட்ட நெடுவரிசைகளில் எவ்வளவு தரவு இருக்கிறது என்பதே கணக்கு. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், மாதிரி பார்ப்பதற்காக எல்லா நெடுவரிசைகளையும் கேட்டு, முடிவில் பத்து வரி போதும் என்று எழுதினார். பத்து வரிகள்தான் வந்தன. ஆனால் அட்டவணை முழுவதும் படிக்கப்பட்டது. இதைக் கருவியின் குறை என்று சொல்ல மாட்டேன், ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அன்றே ஒவ்வொரு வினவலும், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், படிக்கக்கூடிய தரவுக்கு உச்ச வரம்பு வைத்தோம். தேதி குறிப்பிடாத வினவலைப் பெரிய அட்டவணைகள் ஏற்காதபடி அமைத்தோம். இவ்விரண்டையும் முதல் நாளிலேயே செய்துவிடுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது நேரம். பிக்குவெரியில் நேரமுத்திரை, அதாவது ஒரு நிகழ்வு நடந்த கணத்தின் பதிவு, உலகப் பொது நேரத்தை (யுடிசி) அடிப்படையாகக் கொண்டது. அதைக் கொண்டு அட்டவணையை நாள்வாரியாகப் பிரித்தால் நாளும் அதன்படியே தொடங்கும். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை நடக்கும் அழைப்புகள் முந்தைய நாளில் போய் விழுகின்றன. சாதாரண நாட்களில் இது கண்ணில் படவே இல்லை. புத்தாண்டு இரவில் பன்னிரண்டு அடித்த மறுகணம் குவிந்த அழைப்புகளும் செய்திகளும் டிசம்பர் 31 கணக்கில் நின்றபோதுதான், அதாவது பழைய ஆண்டின் கணக்கிலேயே நின்றபோதுதான், பில்லிங் துறையுடன் எண்கள் பொருந்தாத காரணம் புரிந்தது. இந்தியத் தேதிக்கென்று தனி நெடுவரிசை சேர்த்து, அதைக் கொண்டு அட்டவணைகளை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

வாடிக்கையாளர் யார் என்ற கேள்விக்கு எந்தத் தளமும் விடை தராது. ரீசார்ஜ் செல்லுபடியாகும் எண்களை விற்பனைத் துறை எண்ணியது. வழங்கப்பட்டு முடக்கப்படாத சிம்களைப் பில்லிங் எண்ணியது. வலையமைப்புத் துறையோ, விஎல்ஆர் பதிவேட்டில் (ஒரு பகுதியில் அப்போது வலையமைப்புடன் தொடர்பில் உள்ள கைப்பேசிகளின் பதிவேடு) உயிர்ப்புடன் தெரிந்த இணைப்புகளை மட்டுமே எண்ணியது. மூன்றும் சரியே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் தன் மாதாந்தர அறிக்கையில் மொத்த இணைப்புகளையும் செயலில் உள்ளவற்றையும் தனித்தனியே காட்டுகிறது. ஆகவே ஓர் எண்ணைத் தேர்ந்து மற்ற இரண்டை நீக்காமல், மூன்றுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டி, ஒவ்வொன்றின் விளக்கத்தையும் அட்டவணைக் குறிப்பிலேயே எழுதிவைத்தோம். இதற்கான கூட்டங்கள், தரவை மாற்றிய காலத்தைவிட நீண்டன.

கைப்பேசி எண்ணை வாடிக்கையாளரின் அடையாளமாகக் கொள்வதும் ஆபத்து. முடக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாட்கள் கழித்து, வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழைய தரவை இணைத்தபோது, சேவை மையத்தினர் பார்க்கும் திரையில், புதிதாகச் சிம் வாங்கிய ஒருவரின் பக்கத்தில், அந்த எண்ணை முன்பு வைத்திருந்தவரின் புகார்கள் வரிசையாகத் தெரிந்தன. அது திருத்த வேண்டிய பிழை மட்டுமன்று. ஒருவரின் அந்தரங்கம் இன்னொருவரிடம் போய்ச் சேரும் வழியும்கூட. அன்று மாலையே அந்தத் திரையை நிறுத்தினோம். இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட தனி அடையாள எண் உண்டு. கைப்பேசி எண் அதனுடன் சேர்ந்த ஒரு விவரம் மட்டுமே. அந்த மாற்றம் முடிந்த பிறகுதான் சேவை மையத்தில் இருப்பவர்களுக்குத் திரையை மீண்டும் திறந்துவிட்டோம்.